சக்கறாத்து என்று சொன்னவர்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வபாத்து என்பார்கள். வீட்டுக்குள்ளும் வேலிக்கு மேலாலும் பேசும்போது மௌத்து என்பார்கள். இரண்டும் முடிந்துபோன காரியத்தைச் சொல்பவை. முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு இன்னொரு சொல் இருக்கிறது. சக்கறாத்து.

அதை யாரும் சும்மா வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் வீடு மாறிவிடும். கட்டிலை இழுத்து, கிடப்பவரின் முகம் மேற்குப் பார்க்கும்படி திருப்புவார்கள். காத்தான்குடியின் மேற்கு எல்லை ஆறு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். தொழும் திசையான கிப்லாவும் அந்தப் பக்கம்தான். குர்ஆனில் இருந்து யாசீன் ஓதத் தொடங்குவார்கள். கஞ்சி நின்றுவிடும், மருந்து நின்றுவிடும். உதட்டில் கரண்டியால் மக்காவின் ஸம்ஸம் தண்ணீர் மட்டும். கட்டாரில் இருக்கும் பிள்ளைக்கு போன் போகும். ஜனாஸாவை அன்றைக்கே அடக்கிவிடுவதால் அந்தப் பிள்ளை எப்படியும் முகம் பார்க்கப்போவதில்லை. என்றாலும் போன் போகும்.

ஆற்றோரத்து ஒழுங்கைகள் ஐந்தில் உள்ள வீடுகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்பவர் என் சாச்சி கைறுன்னிஸா, என் உம்மாவின் தங்கை. அவர் வந்து கட்டிலருகே குந்துவார். காலைத் தொடுவார், நகத்தைப் பார்ப்பார், மூச்சைக் கேட்பார். சில வீடுகளில், "இல்ல, இது இப்ப இல்ல, கஞ்சி குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார். சில வீடுகளில் ஒன்றும் சொல்லாமல் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, கட்டிலைத் திருப்பச் சொல்லிக் கை காட்டுவார். அவர் கை காட்டி நான் அறிய யாரும் பிழைத்ததில்லை.

போன தை மாதம் தன்னுடைய கணவரின் கட்டிலையும் அப்படித் திருப்பச் சொன்னார். மூன்றரை மணித்தியாலத்தில் மஜீட் சாச்சா இறந்தார். தான் சொன்னது சரியா என்ற கேள்வி சாச்சிக்கு அடக்கம் முடிந்த ஏழாம் நாள் வந்தது. அதன் பிறகு வேறு எந்தக் கேள்வியும் அவரிடம் இல்லை.

நான் ஆறு வருடங்கள் ஊரில் இல்லை. அம்மானில் படித்தேன். பிறகு இஸ்தான்புல், கோலாலம்பூர் என்று கால் போன இடமெல்லாம் போய், நோன்புப் பெருநாள் முடிந்து பத்தாம் நாள் திரும்பி வந்தேன். சாச்சி அப்போது இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கவேண்டும். வெளி ஆண்களுடைய முகத்தில் முழிக்கக்கூடாது, அவசியமில்லாமல் படலையைத் தாண்டக்கூடாது. சாச்சிக்கும் அவருடைய மகள் ஷாகிராவுக்கும் துணையாக இருக்கும்படி உம்மா என்னை அனுப்பினார். எனக்கு வேலை இல்லை, வீட்டில் இருப்பும் கொள்ளவில்லை. போனேன்.

உள்ளறையில் வெள்ளைச் சேலையில் ஒரு பாயில் இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு நாடு சுத்தின புள்ள, ஒரு நாட்டுலயும் சோறு தரல்லயா ஒனக்கு?"

"தந்தாங்க சாச்சி. நான்தான் தின்னல்ல."

"தேங்காய் துருவத் தெரியுமா இப்பயாவது?"

"இல்ல."

"அப்ப குந்து. ஷாகிரா துருவுவா. நீ கதை செல்லு."

ஆனால் கதை சொன்னது அவர்தான். அந்த அறையில் அவருக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. பல நாட்களில் துண்டு துண்டாகக் கேட்டதை இங்கே ஒழுங்காக வைக்கிறேன்.

சாச்சி பிறந்தது அறுபத்தெட்டில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு பள்ளிவாசலுக்குள் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டபோது அவருடைய மூத்த சகோதரரான காக்காவும் அந்த வரிசையில் நின்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாயில் தண்ணீர் வைக்க ஆள் இருக்கவில்லை, கலிமா சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கவில்லை. "சக்கறாத்தே இல்லாத மௌத்து. மனிசனுக்குப் போறம் எண்டு தெரியக் கூட நேரம் குடுக்கல்ல" என்பார். இருபத்திரண்டு வயதில், அந்த வருடக் கடைசியில், யாரும் கூப்பிடாமல் ஒரு சாவு வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே குந்தினார். சாகிறவருடைய கையைப் பிடித்துக்கொண்டு முழுப் பகலும் இருந்தார். அதன் பிறகு கூப்பிடத் தொடங்கினார்கள்.

மஜீட் சாச்சா சைக்கிள் கடைக்காரர். பிரதான வீதியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே ரியூப்பும் பசையும் காற்றடிக்கும் பம்பியுமாக நாற்பது வருடம் குந்தியிருந்தார். மனைவியின் இந்தப் பழக்கத்தைப் பற்றி அவருக்கு ஒரு பயமும் இல்லை, கேலிதான். காய்ச்சல் வந்து படுத்தால், "தள்ளிக் குந்துகா. நீ பக்கத்தில இரிக்கிறதக் கண்டா ஆக்கள் மையத்துக் கட்டில எடுத்துக்கொண்டு வந்திருவாங்க" என்பாராம். இதைச் சொல்லும்போது சாச்சி சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் அப்படியே திறந்திருந்தது.

ஷாகிராவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது சாச்சி குவைத்துக்குப் போனார். சீதன வீட்டுக்குச் சுவர் எழும்பவேண்டியிருந்தது. மகள் உள்ள எல்லாரும் அதற்காகத்தான் போனார்கள். அங்கே பாரிசவாதத்தில் கிடந்த ஒரு கிழவியைப் பார்க்கிற வேலை. பின்னேரங்களில் இருவரும் எகிப்து நாடகம் பார்ப்பார்கள். ஒரு நாள் நாடகத்தில் ஒருவன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான், செருப்பைக் கழற்றிக் காதில் வைத்துப் பேசினான். கிழவி கையைத் தட்டி, "ஸக்றான், ஸக்றான்" என்றாள். சாச்சி பதறிப்போய், அவன் சாகப்போகிறானா என்று கேட்டார். கிழவிக்குச் சிரிப்பு அடங்கவே வெகு நேரம் பிடித்தது. பிறகு தனக்கு அசைந்த ஒரு கையால் குடிப்பதுபோலக் காட்டி விளங்கப்படுத்தினாள்.

"அண்டைக்குத்தான் மகள் எனக்குத் தெரிஞ்ச. சக்கறாத்து எண்டா வெறி. சாராய வெறி மாதிரி மௌத்துக்கும் வெறி ஒண்டு இரிக்கி. நான் பார்த்த ஆக்கள் எல்லாரையும் நெனச்சுப் பார்த்தன். மெய்தான். எல்லாரும் வெறிக்காரன் மாதிரித்தான் இரிந்த. நாக்குத் தடிச்சு, ஆளத் தெரியாம, தள்ளிவிட்டு, சிரிச்சு."

அவர் சொன்னது சரி. அம்மானில் என் ஆசிரியையும் இதையே சொல்லியிருக்கிறார். ஸுக்ர் என்றால் வெறி. ஸகறாத் அதன் அலைகள், வந்து வந்து போகிறவை. அந்த வேருக்கு அடைத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. ஓடுகிற நீரை மண் போட்டு அடைப்பது போல அறிவை அடைப்பதனால்தான் வெறிக்கு அந்தப் பெயர் என்பார்கள். மௌத்தின் ஸகறாத் என்பதுதான் முழுத் தொடர். கடல் தாண்டி எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது மௌத்து உதிர்ந்துவிட்டது. வெறி மட்டும் தங்கியது, அது வெறி என்பதும் மறந்துபோனது.

சாச்சிக்கு மட்டும் மறக்கவில்லை. குவைத்தில் இருந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு திரும்பியபோது அவர் அந்தச் சொல்லை முன்பைவிட உறுதியாகச் சொல்லத் தொடங்கினார். இப்போது அவருக்கு அடையாளம் தெரியும்: வெறி.

அந்தத் தை மாதக் காலையை அவர் என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் ஒரே மாதிரி.

சாச்சாவுக்கு அறுபத்து நான்கு வயது. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். அதற்கு முந்தைய வருடம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மெலிந்திருந்தார். தை மழைக்குக் காய்ச்சல் பிடித்தது. மூன்று நாள் ஒன்றும் இறங்கவில்லை. கஞ்சி வைத்தால் முகத்தைத் திருப்பினார். தேத்தண்ணீரைச் சத்தி எடுத்தார். நாலாம் நாள் விடிய, சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது ஆள் மாறியிருந்தது.

"என்னப் பார்த்து ஆரு நீ எண்டு கேட்டார். மறுகா செத்துப்போன அவர்ர தங்கச்சிட பேரச் செல்லிக் கூப்பிட்டார். நாக்குத் தடிச்சிரிந்திச்சி. கையப் பிடிச்சன், தள்ளிவிட்டார். சிரிச்சார். நெத்தி பூரா வேர்வை, மகள். முத்து முத்தா. தை மாசக் குளிரில."

நெற்றி வேர்வையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இறைநம்பிக்கையான ஈமானுள்ளவர் நெற்றி வேர்க்க மௌத்தாவார் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். சாகிறவரின் நெற்றியில் வேர்வை கண்டால் பெண்கள் அழுகையை நிறுத்தி அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள். சாச்சியும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னார். ஷாகிராவைக் கூப்பிட்டு, "வாப்பாக்குச் சக்கறாத்து. கட்டிலத் திருப்பு" என்றார்.

கட்டிலைத் திருப்பினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். யாசீன் நாலு தடவை ஓதி முடிந்தது. பத்தே முக்காலுக்கு மூச்சு நின்றது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் நல்ல மௌத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏழாம் நாள் குர்ஆன் ஓத வந்த பெண்களில் ஒருத்தி, எதையோ பேசும்போது, தன் மகனுக்குச் சீனி குறைந்து, வேர்த்து, வெறிக்காரன் மாதிரி உளறினான் என்றும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் எழும்பி இருந்து முட்டை ரொட்டி கேட்டான் என்றும் சொன்னாளாம். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சாச்சி கையில் இருந்த பீங்கானைக் கீழே வைத்தார்.

"நான் எங்கயும் போக ஏலா. ஒரு டாக்டரோட கதைக்க ஏலா. ஷாகிராட்டக் கேட்டா, உம்மா நீங்க உங்கட பாட்டுல இரிங்க எண்டு செல்றாள். நீ போய்க் கேளு" என்றார் என்னிடம். "அது சக்கறாத்தா, சீனியா? எனக்கு நல்லதாச் செல்லோணும் எண்டு நெனச்சி ஒண்டும் கூட்டாத, கொறக்காத. கேட்டத அப்பிடியே வந்து செல்லு."

மட்டக்களப்பு நகரத்தில் ஜிலியன் அக்காவிடம் போனேன். அவர் டாக்டர், அவருடைய தங்கை கிம் என்னோடு படித்தவள். பின்னேரத்தில் வீட்டின் முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கிறவர். கடைசி ஆள் போகும்வரை வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

"என்ன பிள்ளை, ஊருக்கு வந்ததும் வருத்தமா?"

"எனக்கு இல்ல அக்கா. செத்துப்போன ஒராளப் பத்திக் கேக்க வந்தன்."

சாச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் இடையில் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்த மூண்டு நாளும் சீனி வருத்தத்துக்கான குளிசையக் குடுத்தாங்களா?"

"ஒரு வேளையும் தவறல்ல. சாச்சி தானே குடுத்தா. அதில அவ கவனம்."

ஜிலியன் அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"சாப்பிடாத ஆளுக்கு அந்தக் குளிசை குடுக்கக் கூடாது. உள்ள இருக்கிற சீனியையும் இறக்கிப் போடும். வயசான ஆக்களுக்கு இன்னும் மோசம்."

"அப்ப சீனிதானா?"

"நான் ஆளப் பார்க்கல்ல பிள்ளை. காய்ச்சல்ல கிருமி இரத்தத்தில ஏறியிருக்கலாம். நெஞ்சாவும் இருக்கலாம். அண்டைக்கு யாராவது சீனி பார்த்தாங்களா?"

"தெரியா."

"பார்த்திருந்தா அதுதான் பதில். பார்க்காட்டி பதில் இல்ல. அப்பிடியே போய்ச் சொல்லு."

எழுந்த பிறகு கேட்டேன். "சீனிதான் எண்டா, என்ன செஞ்சிருக்கலாம்?"

அவர் மேசை விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார். "விழுங்கிற நிலையில இருந்தா, சீனி கரைச்ச தண்ணி. ஒரு கிளாஸ்."

வீட்டுக்கு வந்தபோது எனக்கு அக்கா முறையான ஷாகிரா ராத்தா பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் ஸாஜித் கட்டாரில். சீனி பார்க்கிற மெசினை அவர்தான் மாமனாருக்கு வாங்கி அனுப்பியிருந்தார் என்பது எனக்கு நினைவு வந்தது.

"ராத்தா, அண்டைக்குச் சாச்சாவுக்குச் சீனி பார்த்தீங்களா?"

அவர் கையில் இருந்த சட்டையை உதறினார். மறுபடியும் உதறினார்.

"மெசின் பழுது."

"எப்ப இருந்து?"

"ஒனக்கு என்னடி அது? ஊர் ஊராத் திரிஞ்சிட்டு இப்ப எங்கட ஊட்டுல வந்து பொலிஸ் வேலை பார்க்கிறயா?"

கொடியில் இன்னும் இரண்டு சட்டைகள் ஏறின. பிறகு அவர் வெறும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.

"பார்த்தன்" என்றார். "யாசீன் ஓதிக்கொண்டிரிக்கக்குள்ள மெசின எடுத்து வந்து விரல்ல குத்தினன். நம்பர் ஒண்டும் வரல்ல. லோ எண்டு வந்திச்சி. மறுகாலும் குத்தப் போக, உம்மா கையப் பிடிச்சிட்டா. சக்கறாத்துல கிடக்கிற மனிசன ஏன்டி வதைக்கிற, அதுட வேதனை காணாதா எண்டா. நானும் நெனச்சன், மௌத்தாகப் போற உடம்புல சீனி எங்க இரிக்கப்போகுது, அதான் நம்பர் வரல்ல எண்டு."

"பிறகு?"

"பொறகு கட்டார்ல இரிக்கிற அவருட்ட போன்ல கேட்டன். லோ எண்டா என்ன எண்டு. அவர் செல்லிட்டு, இத உம்மாட்டச் செல்லாத எண்டார்." முகத்தை ஈரக் கையால் துடைத்தார். "உம்மாட வாயால ஒரு சொல்லு. அந்தச் சொல்லுக்கு முன்னால என்ட மெசின் என்ன? நீயே செல்லு. இந்த ஊருல ஆரு அவட சொல்ல மிஞ்சுற? எழும்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா, சக்கறாத்துல கிடந்தவர முச்சக்கர வண்டியில போட்டுச் சாகடிச்சாள் எண்டு என்னத்தான் செல்லியிரிப்பாங்க."

ஆஸ்பத்திரி எங்கள் ஒழுங்கையில் இருந்து ஆறு நிமிடம்.

"நீ உம்மாட்டச் செல்லப்படாது சஹ்லா" என்றார். "செத்த ஆள் செத்துட்டார். இவவும் போயிருவா."

நான் உள்ளறைக்குப் போனேன். சாச்சி பாயில் நிமிர்ந்து இருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்: குளிசை, வேர்வை, கிருமி, நெஞ்சு. சீனி பார்த்திருந்தால்தான் பதில், இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அவர் சொன்னதைச் சொல்லி அங்கேயே நிறுத்தினேன். ஷாகிரா ராத்தாவின் முகம் என் கண்ணில் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

சாச்சி என் வாயையே பார்த்தார்.

"மெசினக் கேட்டயா?"

நான் பாயைப் பார்த்துக் குனிந்தேன்.

"நான்தான் அவள்ட கையப் பிடிச்ச. எனக்கு மறக்குமா அது? என்ன வந்திரிக்கும் எண்டுதான் நூறு நாளா நெனச்சிக்கொண்டு கிடக்கிறன். அவள் மெசின அலுமாரியில துணிக்கு அடியில வச்சிரிக்கிறாள். நான் எடுத்துப் பார்த்தன். எனக்கு அதத் திறக்கத் தெரியா."

கதவடியில் ஷாகிரா ராத்தா நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் அலுமாரியைத் திறந்து மெசினை எடுத்து, ஒரு பொத்தானைச் சில தடவை அழுத்தி, உம்மாவின் மடியில் வைத்தார். சின்னத் திரையில் திகதியும் காலை எட்டு இருபது என்ற நேரமும் இருந்தன. அதற்குக் கீழே இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

"என்ன இது?"

"சீனி இல்ல எண்டு உம்மா. மெசினுக்கே அளக்க ஏலாத அளவு."

சாச்சி அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். மெசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு இருபது" என்றார். "பத்தே முக்கால் வரைக்கும் இரிந்தார். ரெண்டரை மணித்தியாலம் நான் அவருக்கு ஸம்ஸம் தண்ணி குடுத்திரிக்கன். விழுங்கினார் மகள். கடைசிக்கு முந்தி வரைக்கும் விழுங்கினார். அதே கரண்டியில ஒரு சொட்டுச் சீனி போட்டிருந்தா."

"உங்களுக்குத் தெரியாதே உம்மா."

"தெரியும் எண்டுதானே என்னக் கூப்பிடுற."

அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு அவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பஹ்மியின் வாப்பா. சந்தியில் கோழிக் கடை வைத்திருந்தவர். ஆற்றங்கரை வீட்டு மூத்தவர். அக்ரமின் மாமி. ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு நிறுத்துவார். "அவருக்கும் சீனி இரிந்த." "அவவுக்கும் வேர்த்த." "அந்த மனிசனும் சிரிச்ச." குவைத்தில் இருந்து வந்த பிறகு இருபத்து மூன்று வருடம். எத்தனை கட்டில்களைத் திருப்பியிருப்பார் என்று யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை. ஆனால் அவருக்கு முகங்கள் எல்லாம் நினைவிருந்தன.

"போதும் உம்மா. அவங்க வயசாளிகள். எப்பிடியும் போற ஆக்கள்தான்" என்றார் ஷாகிரா.

"ஓம். எப்பிடியும் போற ஆக்கள். அண்டைக்குப் போற ஆக்களா எண்டுதான் நான் கேக்கிறன்."

என்னைப் பார்த்து, அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டு வரச் சொன்னார். கடைசி நாட்களில் சாப்பிட்டார்களா, குளிசை குடித்தார்களா என்று. நான் போகவில்லை. போய் எந்த வாசலில் நின்று அதைக் கேட்பது? ஒவ்வொரு நாளும், "போனயா?" என்பார். நாளைக்கு என்பேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். சொற்களையே விட்டுவிட்டார் என்று சொல்லலாம். தேத்தண்ணீரை வைத்தால் குடிப்பார். எடுத்துக்கொண்டு போனால் கேட்கமாட்டார்.

இத்தா முடிய மூன்று வாரம் இருந்தபோது அஸ்மியா வந்தார். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அவருடைய உம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டிலேயே வைத்திருங்கள் என்று ஒரு மாதத்துக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். அஸ்மியா மூச்சு வாங்க ஓடி வந்து உள்ளறை வாசலில் நின்றார்.

"ராத்தா, உம்மா கண்ணத் திறக்கிறா இல்ல. மூச்சு விட்டு விட்டு இழுக்குது. கால் சில்லிட்டுக் கிடக்கு. நீங்க வர ஏலா எண்டு தெரியும். ஒரு சொல்லுச் செல்லுங்க, போதும். கட்டிலத் திருப்பவா?"

சாச்சி சுவரைப் பார்த்து இருந்தார்.

"ராத்தா?"

"எனக்குத் தெரியா."

"உங்களுக்குத் தெரியாட்டி ஆருக்கு..."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"அவங்கதானே ராத்தா ஊட்டுக்கு அனுப்பின. தூக்கினாலே உம்மா நோவுல..."

"கொண்டு போ எண்டு செல்றன். இப்ப கொண்டு போ. நிக்காத."

சாச்சியின் குரலை அவ்வளவு உயரமாக நான் கேட்டதில்லை. அஸ்மியா ஒரு கணம் எங்கள் மூவரையும் பார்த்தார். அவர் வாழ்க்கையில் எல்லா வீடுகளிலும் நடந்தது அதுதான்: கைறுன்னிஸா சொன்னார், மற்றவர்கள் செய்தார்கள். அவர் ஓடினார். நான் படலைக்குப் போனேன். இரண்டு ஆண்கள் அந்த உம்மாவைப் பாயோடு தூக்கிவந்து முச்சக்கர வண்டிக்குள் மடித்து ஏற்றினார்கள். தூக்கும்போது எழுந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

பிரதான வீதியில் சந்தை நேரம். லொறியொன்று பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. வண்டி அதற்குப் பின்னால் நின்றது. அங்கேயே, ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில், மகளின் மடியில் அந்த உம்மா மௌத்தானார். யாசீன் இல்லை. தண்ணீர்ப் போத்தலை அவசரத்தில் கட்டிலடியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வண்டி தெற்குப் பார்த்து நின்றதால் முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று அஸ்மியாவுக்குத் தெரியவில்லையாம்.

ஒழுங்கையில் பேசினார்கள். கைறுன்னிஸாவுக்கு மாப்பிள்ளை போனதோடு புத்தியும் போய்விட்டது என்றார்கள். கண் திறக்காத புற்றுநோய்க்காரிக்கு வந்த சக்கறாத்தைக்கூட அவருக்குத் தெரியவில்லை என்றார்கள். இது எப்படியும் சாச்சியின் காதுக்கு வந்திருக்கும். வேலிக்கு மேலால் பேசுகிற ஊர்.

நாலாம் நாள் அஸ்மியா வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று ஷாகிரா ராத்தா எழுந்து கதவடிக்குப் போனார். அஸ்மியா சண்டை பிடிக்கவில்லை. பாயின் விளிம்பில் வந்து இருந்தார். அவருக்கும் போக வேறு இடம் இருக்கவில்லை போலும்.

சாச்சி அவர் பக்கம் திரும்பினார்.

"உம்மாக்குச் சீனி இரிந்ததா?"

"இல்ல ராத்தா. ஒரு நாளும் இல்ல."

"வேர்த்திச்சா?"

"இல்ல. நெத்தி காஞ்சிதான் கிடந்த."

"ஒன்னத் தெரிஞ்சதா?"

"தூக்கக்குள்ள தெரிஞ்ச. வேணாம் மகள் எண்டா."

சாச்சி தலையை ஆட்டினார். அஸ்மியாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார், கட்டிலருகே குந்தும்போது செய்வதைப் போல. என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப அது அதுதான்" என்றார்.

அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை.